சீட்டு இல்லாத பயணம்

காசு கொடுக்காமல் ஒரு வண்டியில் ஏறி உட்கார்ந்தால் எனக்கு முதுகு கூசும். நான் வளர்ந்த வீட்டில் வந்த கூச்சம் இது. பஸ்ஸில் நாங்கள் இறங்குவதற்குள் கண்டக்டர் எங்களிடம் வந்து சேராவிட்டால், இறங்கிய பிறகும் நின்று, அவரைக் கூப்பிட்டுக் கையில் சில்லறையைத் திணித்துவிட்டுத்தான் அப்பா நடப்பார். அவருக்குப் பின்னால் வெட்கத்தோடு நிற்பேன். அந்த வெட்கம் பிறகு எப்போது பெருமையாக மாறியதென்று எனக்கே தெரியாது.

2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் லக்ஸம்பர்க் நகரத்தில் ஒன்பது நாள் தங்கியிருந்தேன். என் தங்கை மகன் பாலு அங்கே ஒரு வங்கியில் கணக்குப் பார்க்கிறான். விமான நிலையத்தின் வாசலிலேயே டிராம் வந்து நிற்கிறது. அந்த வருஷம் மார்ச்சில்தான் அதுவரை தண்டவாளம் நீட்டியிருந்தார்கள். சென்னையில் ஓடிய டிராம் 1953-இல் நின்றுபோயிற்று. அப்பா ஏறியிருக்கிறார், நான் ஏறியதில்லை. ஆகவே சிறு பிள்ளையின் ஆவலோடு ஏறினேன். ஏறியதும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. கண்டக்டரைத் தேடினேன். சீட்டுக் கொடுக்கும் இயந்திரத்தைத் தேடினேன். இரண்டும் இல்லை.

“உட்காருங்க மாமா. இங்கே யாரும் காசு கேட்க மாட்டார்கள்” என்றான் பாலு.

2020-ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதியிலிருந்து அந்த நாடு முழுவதிலும் பஸ், டிராம், ரயில் எல்லாவற்றுக்கும் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும் காசு வைத்தார்கள். தனியாக உட்கார ஆசைப்படுகிறவன் அந்த ஆசைக்கு விலை கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள் போலும். உள்ளூர்க்காரன், வெளியூர்க்காரன் என்ற பேதம் கிடையாது. எஸ்தோனியாவின் தாலின் நகரத்தில் 2013-லேயே பஸ்ஸையும் டிராமையும் இலவசமாக்கினார்கள். ஆனால் அங்கே அது நகரத்தில் பதிவு செய்துகொண்ட குடிகளுக்கு மட்டும். என்னைப் போன்ற வழிப்போக்கன் அங்கே சீட்டு வாங்கியாக வேண்டும். லக்ஸம்பர்க்கில் நீ யார் என்று யாருமே கேட்பதில்லை.

சுற்றிப் பார்க்க வந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதை அந்த ஊரின் அமைப்பைப் பார்த்தால்தான் புரியும். 963-ஆம் ஆண்டு ஸீக்பிரீட் என்ற பிரபு, பொக் என்ற பாறையின்மேல் ஒரு கோட்டையைப் பெற்று உட்கார்ந்தானாம். ஊர் அதைச் சுற்றி வளர்ந்தது. மேலே ஓர் ஊர். செங்குத்தான பாறைகளுக்குக் கீழே, அல்ஸெட் என்ற சிற்றாற்றின் கரையில் இன்னொரு பழைய ஊர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக என் வயதுக் கால்கள் மன்றாடும். ஆனால் பாறையின் ஓரத்தில், எழுபது மீட்டருக்கும் அதிக உயரத்தில் கண்ணாடி மின்தூக்கி ஒன்று கட்டியிருக்கிறார்கள். அதற்கும் காசில்லை. கீழே இறங்கினால், எதிர்மேட்டுக்கு ஏற்றிச் செல்லக் கயிற்று ரயில் காத்திருக்கிறது. அதற்கும் காசில்லை. காலையில் புறப்பட்டால் இறங்குவதும் ஏறுவதுமாக, ஒரு வழியைத் தவறவிட்டால் இன்னொன்றில் தொற்றிக்கொண்டு, மாலைவரை சுற்றினேன். வழி தவறினால் நஷ்டம் ஏதுமில்லை என்னும்போது வழி தவறுவதே ஒரு சுகமாகிவிடுகிறது.

ஆனாலும் முதுகு கூசிக்கொண்டுதான் இருந்தது.

நம் ஊரிலும் இலவசம் புதிதல்ல. சத்திரம் கட்டினார்கள், தண்ணீர்ப் பந்தல் வைத்தார்கள். ஆனால் சத்திரத்துத் திண்ணையில் கட்டியவர் பெயரைக் கல்லில் வெட்டியிருப்பார்கள். உண்டவன் அந்தப் பெயரைப் பார்த்து ‘மகராசன்’ என்று வாழ்த்திவிட்டுப் போகலாம்; கடன் அங்கேயே தீர்ந்தது. இந்த டிராமில் நான் யாரை வாழ்த்துவது? ஓட்டுகிறவர் கண்ணாடிக்கு அப்பால் இருக்கிறார். கொடுத்தவருக்கு முகமில்லை. முகமில்லாத கொடையை வாங்கிக்கொள்கிறவன் நன்றி கெட்டவனாகத்தானே ஆவான்?

மூன்றாம் நாள் இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு, இதைப் பாலுவிடம் சொன்னேன்.

“அப்படியானால் நீ கட்டும் வரியில் நான் ஊர் சுற்றுகிறேன். ஓசிப் பயணம்.”

“சீட்டு வாங்கியிருந்தால் ஓசி இல்லையா மாமா?” என்றான் அவன். “கட்டணம் இருந்த காலத்திலே, வருகிற காசு ஆகிற செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு நாள் சீட்டு நாலு யூரோ. அதை வாங்கினவரும் பெரும்பகுதி ஊரார் காசில்தான் போனார். ஆனால் காசு கொடுத்துவிட்டோம் என்ற திருப்தி இருந்தது. உங்களுக்கு அந்தத் திருப்தி போனதுதான் வருத்தம்.”

நான் பதில் சொல்லவில்லை. கணக்குப் பார்க்கிறவனிடம் தர்மம் பேசப்போனால் இப்படித்தான் ஆகும். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. அப்பா கண்டக்டரின் கையில் திணித்த சில்லறை, பாதைக்கும் பாலத்துக்கும் ஆன செலவில் எத்தனை பங்கு? அவருடைய நேர்மையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு நான் சேர்த்துக்கொண்ட பெருமை இருக்கிறதே, அதன் அஸ்திவாரம் ஆட்டம் கண்டுவிட்டது.

அப்போதுதான் அம்மாவின் ஞாபகம் வந்தது. நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது சித்தி மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அம்மா ஒரு நாள் விட்டு ஒரு நாள் போவாள். போகும்போது பஸ், வரும்போது நடை. “நடந்தால்தான் உடம்புக்கு நல்லது” என்பாள். “நாளைக்கும் வாயேன் அக்கா” என்று சித்தி கேட்டால், “வீட்டிலே வேலை கிடக்குடீ” என்று சொல்லிவிடுவாள். வேலை ஒன்றும் கிடக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அம்மா போகாத ஒரு நாளில் சித்தி கண்ணை மூடினாள். அதன் பிறகு பஸ் காசைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒழுங்காகச் சீட்டு வாங்கிப் பயணம் செய்த குடும்பம் எங்களுடையது. வாங்க முடியாத சீட்டு எங்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்று அன்றைக்கு வரை நான் கணக்குப் பார்த்ததில்லை.

தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணத்தை எடுத்தார்கள். காசு வாங்காவிட்டாலும் கண்டக்டர் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அதை வாங்கி விரலில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்த பெண்களைப் பார்த்து ‘ஓசி’ என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. நானும் மனத்துக்குள் முணுமுணுத்திருக்கிறேன், மறைப்பானேன்? அந்தப் பெண்களில் எத்தனை பேர் அன்றைக்கு ஓர் அக்காவாக ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்களோ!

இதனால் லக்ஸம்பர்க்காரர்கள் தர்மவான்கள் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். இலவசமாக டிராம் ஓடும் அந்த ஊரில் தெரு நிறையக் கார்கள். தலைக்கு மிக அதிகமாகக் கார் வைத்திருக்கும் ஐரோப்பிய நாடுகளில் அதுவும் ஒன்று. காசு மிச்சம் என்பதற்காகக் காரை விட்டு இறங்குகிறவர்கள் அங்கே அதிகமில்லை. இன்னொன்றையும் பார்த்தேன். வீட்டு விலையும் வாடகையும் அங்கே எட்டாத உயரம். அங்கே வேலை செய்கிறவர்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எல்லைக்கு அப்பால், பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் ஜெர்மனியிலும் குடியிருந்து நாள்தோறும் வந்து போகிறார்கள். இலவசம் எல்லையோடு நின்றுவிடுகிறது. தெற்கே பெத்தெம்பூர் என்ற ஸ்டேஷன்வரை ரயிலில் போய்ப் பார்த்தேன். அதைத் தாண்டினால் பிரான்ஸ். நான் இறங்கிக்கொண்டேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், வேலைக் களைப்பில் கண்ணைச் செருகிக்கொண்டு, இறங்காமல் மேலே போனாள். அவளிடம் சீட்டு இருந்திருக்க வேண்டும். ஊர் சுற்ற வந்த எனக்குச் சல்லிக்காசு செலவில்லை. அந்த ஊரின் வேலையைச் செய்துவிட்டு வீடு திரும்புகிறவர்களுக்கோ எல்லையிலிருந்து கட்டணம். பாலுவிடம் கேட்டேன். அவனுக்கும் இதற்குக் கணக்குச் சொல்லத் தெரியவில்லை.

புறப்படுவதற்கு முந்தின இரவு, நாலு யூரோ வீதம் ஒன்பது நாளுக்கு முப்பத்தாறு யூரோவை மடித்து, பாலுவின் பையனுக்கு நான் வாங்கிப் போயிருந்த கதைப் புத்தகத்துக்குள் வைத்தேன். அது எதற்கும் ஈடல்ல என்று தெரிந்துதான் வைத்தேன். விமான நிலையத்துக்கு டிராமிலேயே போனோம். இறங்கும்போது கண்ணாடிக்கு அப்பால் இருந்த ஓட்டுநரைப் பார்த்துக் கை கூப்பினேன். அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் வந்து சேர்ந்த மறுநாள் பாலு டெலிபோனில் கூப்பிட்டான்.

“மாமா, புத்தகத்துக்குள்ளே பணத்தை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டீர்களே!”

“அப்படியா? மறந்துதான் போய்விட்டேன் போலிருக்கிறது” என்றேன்.