தொழில் வழியில் ஞாயிறு

எமது ஊரவர் பலர் தொழில் நிமித்தம் கொழும்பிலே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்கின்றனர். ஊரிலே காலைப் பூசை மணியோடு கதிரவனைக் கும்பிட்ட இவர்களுக்கு அங்கே உதயம் தெரிவதில்லை. மாடிக் கட்டடங்கள் மறைத்துவிடும். அஸ்தமனமோ தாராளம். கோட்டையிலிருந்து மாலைப் புகையிரதத்தில் வெள்ளவத்தைக்கு வரும்போது வலப்புறம் கடல். மிதிபலகையில் தொங்கி வரும் எழுதுவினைஞரும் ஒரு கணம் மேற்கே பார்க்கிறார்.

அதை அழகென்று சொல்வது முறையா? 2004 டிசம்பர் 26 இல் இதே பாதையால் தெற்கே சென்ற புகையிரதத்தைப் பெரேலியவில் ஆழிப்பேரலை கவிழ்த்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று மாலையும் சூரியன் அந்தக் கடலிலேதான் மறைந்தது.

இயற்கை எம்மீது கருணை கொண்டு வானத்துக்கு வண்ணம் தீட்டுகிறது என்று மேடைகளிலே சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாயும் கதிர் நெடுந்தூரம் காற்றை ஊடறுத்து வருகையில் நீலம் சிதறிச் சிவப்பு எஞ்சுகிறது, அவ்வளவே. ஆனால் மேலதிகாரியின் ஏச்சும் வீட்டு வாடகைக் கணக்கும் நிரம்பிய மனம், தனக்கு ஒரு சல்லியும் தராத ஒன்றுக்கு இடம் விடுகிறதே, அதை நான் வழிபாட்டுக்கு அடுத்தபடியில் வைப்பேன்.

உதயம் வேண்டுவோர் வெள்ளவத்தையில் யாழ்ப்பாண இரவு பஸ் ஏறவேண்டும். ஏ-9 வீதி மூடியிருந்த ஆண்டுகளில் அதுவும் இல்லை. 2009 இன் பின்னரே மீண்டும் கிடைத்தது. பஸ் நேரத்துக்கு ஓடினால் ஆனையிறவு இருளிலே கழிந்துவிடும். பிந்தினால் வலப்பக்க நீரேரி முழுவதும் சிவந்து கிடக்கும். அங்கே மட்டும் சாரதியை எவரும் ஏசுவதில்லை.