பிறவாமை வேண்டும் சமயத்தில் ஒரு பிறந்தநாள்

பிறவி நீங்குவதையே வாழ்வின் முடிந்த பயனாகக் கொள்ளும் சைவ சமயத்தில் பிறந்தநாளைக் கொண்டாடுவதற்கு என்ன நியாயம் உண்டு என்பது, யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழை போன்ற ஊர்களின் வீடுகளில் ஆண்டுதோறும் சொல்லாமலே எழுந்து, விடை காணாமலே கடந்துபோகும் வினாவாகும். காலையில் துர்க்கை அம்மன் கோயிலில் பிள்ளையின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அருச்சனை செய்விக்கும் பெற்றோர், மாலையில் சோடினை செய்த மண்டபத்தில் மெழுகுதிரி ஏற்றிய கேக்கின் முன் அதே பிள்ளையை நிறுத்துகின்றனர். இவ்விரு செயல்களுக்கும் இடையே முரண் உண்டா, உண்டெனில் அது எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதே இங்கு ஆராயப்படுவது.

சிவபெருமானுக்குப் பிறந்தநாள் இல்லை. பிறவாதவனுக்கு அது இருக்கவும் முடியாது. அடியார்களையும் சைவர் அவர்கள் பிறந்த நாளில் வைத்து நினைப்பதில்லை. குருபூசை எனப்படும் வழிபாடு, அவர்கள் இறைவன் திருவடியை அடைந்த நாளின் நட்சத்திரத்தைக் கொண்டே செய்யப்படுகிறது. அப்பருக்குச் சித்திரைச் சதயமும், சம்பந்தருக்கு வைகாசி மூலமும், சுந்தரருக்கு ஆடிச் சுவாதியும், மாணிக்கவாசகருக்கு ஆனி மகமும் அவ்வாறு அமைந்தவை. 1822 டிசம்பர் 18 இல் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலருக்கும் யாழ்ப்பாணத்தவர் குருபூசை செய்வது, அவர் மறைந்த கார்த்திகை மகத்திலேயாகும். இத்தகைய தயக்கம் சைவத்துக்கு மட்டும் உரியதன்று. மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ அறிஞரான ஒரிகன், வேதாகமத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்களாகக் காணப்படுவோர் பார்வோன், ஏரோது போன்ற தீயவர்களே என்று சுட்டிக்காட்டினார். 1816 இல் தெல்லிப்பழையில் தளம் அமைத்த அமெரிக்க மிசனைச் சேர்ந்த டானியல் பூர் பிறந்த மசாசூசெட்ஸில், 1659 முதல் 1681 வரை கிறிஸ்து பிறப்புத் திருநாளைக் கொண்டாடுவோருக்குத் தண்டம் விதிக்கும் சட்டம் இருந்தது. மேலைநாட்டாரின் வழியாக வந்த பழக்கம் என்று இன்று குறைகூறப்படும் பிறந்தநாள் விழாவை, ஊருக்கு வந்த அந்த அமெரிக்க மிசனாரின் முன்னோரே எவ்வளவு விரும்பியிருப்பர் என்பது ஐயத்துக்குரியது.

ஆனால், பிறவியை வேண்டாததும் பிறவியை வெறுப்பதும் ஒன்றல்ல. சைவசித்தாந்தத்தின்படி உயிரை அனாதியாகவே மறைத்திருப்பது ஆணவ மலம். உயிரின் அறிவை மூடும் இருளாகிய அதனைத் தளர்த்துவதற்காகவே, இறைவன் மாயையிலிருந்து தனு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கையும், அதாவது உடம்பையும், மனம் முதலிய கருவிகளையும், வாழும் உலகையும், நுகரும் பொருள்களையும் உயிருக்குக் கூட்டிக் கொடுக்கிறான். விடியும்வரை இரவில் உதவும் விளக்கு உடம்பு என்பது சித்தாந்திகள் வழக்கமாகக் கூறும் உவமை. எண்பத்துநான்கு நூறாயிரம் வகைப் பிறப்புகளுள் மனிதப் பிறப்பு அரிது என்று அவர்கள் வற்புறுத்துவதும் இக்கருத்துப்பற்றியே. பிறவாமையை வேண்டிய காரைக்கால் அம்மையார், பிறக்க நேர்ந்தால் இறைவனை மறவாமையை வேண்டினார். அப்பரோ ஆடும் பெருமானைக் காணக் கிடைக்குமாயின் மனிதப் பிறவியும் வேண்டத்தக்கதே என்றார். ஆகவே உடம்பு கிடைத்த நாளில் மகிழ்வதற்குச் சமயத்தில் தடையில்லை. கொடுக்கப்பட்ட ஒன்றுக்கான மகிழ்ச்சி, கொண்டவரின் பெருமையாக மாறும் இடத்திலேதான் முரண் தொடங்குகிறது.

அந்த மாற்றத்தை முதலாவது பிறந்தநாளில் தெளிவாகக் காணலாம். ஒரு வயதுக் குழந்தைக்கு மண்டபத்தின் அளவு தெரியாது. வந்தவர் எத்தனை பேர் என்பதும் தெரியாது. அதற்குத் தெரிந்தவை பசி, உறக்கம், தாயின் மடி, முன்பின் அறியாத முகங்களால் வரும் அச்சம் ஆகியவையே. விழா மாலை ஆறு மணிக்கு என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்க, கேக் வெட்டப்படும்போது எட்டைக் கடந்திருக்கும்; ஒளிப்பதிவாளருக்காகக் குழந்தை உறக்கத்திலிருந்து எழுப்பப்படும்; உடுத்திய கனத்த உடுப்பு உறுத்த அது அழும்போது, அழுகையை நிறுத்துவது எல்லோருடைய கவலையாகிவிடும். உறவினர் என்ன சொல்வர், சென்ற மாதம் அவர்கள் செய்ததைவிடக் குறைந்துபோகுமோ, தரப்படும் அன்பளிப்புக்குப் பின்னர் எவ்வாறு ஈடுசெய்வது என்ற எண்ணங்களுக்குள் குழந்தை எங்கும் இல்லை. சித்தாந்த நூல்கள் ஆணவத்தின் செயலாகக் கூறும் யான், எனது என்னும் பற்று, துறவியை மட்டும் எச்சரிப்பதற்காகச் சொல்லப்பட்டதன்று. இத்தகைய மாலைப்பொழுதுக்கும் அது பொருந்தும்.

எனினும், பெரிய விழாக்கள் எல்லாவற்றையும் வீண்பெருமை என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. 1990 இல் தெல்லிப்பழை அடங்கிய வலிகாமம் வடக்கு மக்கள் போரால் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபின், பல குடும்பங்கள் உறவினர் வீடுகளிலும் முகாம்களிலும் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தன. கூடி உண்பதற்குச் சொந்த முற்றம் இல்லாதிருந்தவர்கள், மீண்டும் ஒரு கூரையின்கீழ் எல்லோரையும் அழைக்க விரும்புவதில் இழந்ததை ஈடுசெய்யும் ஏக்கமும் கலந்திருக்கிறது. அந்த ஏக்கம் மதிக்கத்தக்கதே. அதன் சுமையை ஒரு வயதுக் குழந்தை தாங்க வேண்டியிருப்பதே வருந்தத்தக்கது.

யாழ்ப்பாணத்தவரின் பழைய குழந்தைச் சடங்குகளுள் ஒன்றாகிய பல்லுக்கொழுக்கட்டை இவ்விடத்தில் ஆழ்ந்து நோக்கத்தக்கது. குழந்தைக்கு முதற்பல் முளைத்தபின் செய்யப்படும் இச்சடங்கில், அரிசிமாவினுள் பயறும் தேங்காய்ப்பூவும் இனிப்பும் வைத்துக் கொழுக்கட்டை அவித்து, சிலவற்றில் தேங்காய்ச் சொட்டைப் பல்லைப்போலச் செருகுவர். குழந்தையை இருத்தி, தலையை வெள்ளைத் துணியால் மூடி, கொழுக்கட்டையை மெல்லத் தலைமேல் சொரிவர். புத்தகம், பேனை, நகை முதலியவற்றை முன்னே பரப்பி, குழந்தை எதைப் பற்றுகிறது என்று பார்த்துச் சிரிப்பர். எடுத்த பொருளைக் கொண்டு எதிர்காலத்தைக் கணிக்கும் வழக்கத்தை எவரும் பெரிதாக நம்புவதில்லை. நகையைத் தொட்ட கையைப் புத்தகத்தின் பக்கம் தள்ளிவிடும் பாட்டிமாரும் உண்டு. இதில் கருதத்தக்கது, சடங்கு குழந்தையின் பின்னே செல்கிறது என்பதே. பல் எப்போது முளைக்கும் என்று எவரும் கட்டளையிட முடியாது. முளைத்தபின்னரே நாள் பார்க்கப்படுகிறது. சோறு தீத்துதலும் ஏடு தொடக்குதலும் இவ்வாறே உடலும் அறிவும் அடைந்த நிலையை ஒட்டியவை. கடவுளரையும் பெரியோரையும் குழந்தையாக்கிப் பாடும் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியமும், வயதைத் தேதியால் அளப்பதைவிடத் தலையசைத்தல், கைகொட்டுதல், தளர்நடையிட்டு வருதல், நிலாவை அழைத்தல் ஆகியவற்றாலேயே அளக்கிறது. நாட்காட்டியின் பிறந்தநாளோ குழந்தை ஆயத்தமாயினும் ஆகாவிடினும் வந்துவிடுகிறது. பெற்றோரின் பதற்றத்துக்குப் பாதிக் காரணம் அதுவே.

பிறந்தநாள் ஆங்கிலத் தேதிக்குரியதா, பிறந்த மாதத்தின் நட்சத்திரத்துக்குரியதா என்ற வழக்கை நீட்ட வேண்டியதில்லை. நட்சத்திரம் ஏறத்தாழ 27 நாளுக்கு ஒருமுறை திரும்புவதால் ஒரே மாதத்தில் இருமுறை வருவதும் உண்டு. கொக்குவிலிலிருந்து வரும் வாக்கிய பஞ்சாங்கமும் மட்டுவிலிலிருந்து வரும் திருக்கணித பஞ்சாங்கமும் அதன் தொடக்க முடிவுகளில் வேறுபடுவதும் உண்டு. மெழுகுதிரியைப் பற்றிய ஆட்சேபத்துக்குச் சற்று வலு அதிகம்: விளக்கை வாயால் ஊதி நூர்ப்பது சைவ இல்லங்களில் தகாததாகக் கருதப்படுகையில், ஜெர்மனியில் 18 ஆம் நூற்றாண்டளவிலேயே காணப்பட்ட ஒரு வழக்கத்துக்காக அதனை மீற வேண்டியதில்லை. கேக் உண்பதற்குத் திரி தேவையுமில்லை.

தேதியில் ஒன்றுமில்லை என்பதற்குத் தெல்லிப்பழையிலேயே சான்று உண்டு. ஆசிரியராகவும் சமயச் சொற்பொழிவாளராகவும் விளங்கிய சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி 1925 ஜனவரி 7 இல் பிறந்து, 1977 முதல் துர்க்காதேவி தேவஸ்தானத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்று, 1982 இல் ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்காகத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தைத் தோற்றுவித்து, 2008 இல் மறைந்தவர். சைவ ஒழுக்கத்தில் உறுதியாக நின்ற அவருடைய பிறந்தநாள், ஆங்கிலத் தேதியாகிய ஜனவரி 7 இலேயே அறக்கொடை விழாவாக நடைபெறுவதாயிற்று. பிறந்தவர் பெறும் நாள், பிறந்தவர் கொடுக்கும் நாளாக அங்கே திருப்பப்பட்டது. உடம்பு கொடுக்கப்பட்டது என்னும் சித்தாந்தக் கருத்துக்கு இதைவிட நேரான செய்முறை விளக்கம் கிடைப்பது அரிது.

இவ்வழியைப் பின்பற்றிப் பிள்ளையின் பிறந்தநாளில் சிறுவர் இல்லங்களுக்கு மதிய உணவு வழங்கும் குடும்பங்கள் இன்று பல. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிச் செய்விப்போரும் உளர். ஆயினும் கொடையும் ஆணவத்துக்கு இடமாகலாம். பெற்றோரை இழந்த பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, முகம் அறியாத ஒரு பிள்ளைக்கு வாழ்த்துப் பாடச் செய்து, அதைப் படம்பிடித்துப் பரப்பும்போது, மண்டபத்தில் இருந்த பெருமை இல்லத்துக்கு இடம் மாறியதேயன்றி நீங்கவில்லை. உணவைக் கொடுத்துவிட்டுப் படமின்றித் திரும்புவது செலவும் சிரமமும் குறைந்த வழி; அப்பிள்ளைகளுடன் தம் பிள்ளையையும் இருத்தி ஒன்றாக உண்பது அதைவிட மேலானது.

பாடசாலை செல்லும் வயதில் நிலைமை வேறாகிறது. வினையைப் பற்றிய சித்தாந்தக் கொள்கையில், முன்னைய வினையின் பயனை நுகர்வதோடு, இப்பிறவியில் உயிர் தன் விருப்பால் புதிதாகச் செய்வதும் உண்டு. அதற்கு ஆகாமியம் என்று பெயர். ஒரு வயதில் கேக்கின் முன் நிறுத்தப்பட்ட குழந்தைக்குத் தெரிவு இருக்கவில்லை. ஏழு வயதில் வகுப்புக்கு ஒரு பை நிறைய டொபி கொண்டுசெல்லும் பிள்ளைக்கோ, முதலில் யாருக்குக் கொடுப்பது, மீந்ததை எவரிடம் நீட்டுவது, நேற்றுச் சண்டை பிடித்தவனுக்கு ஒன்றா இரண்டா என்பவற்றையெல்லாம் தானே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தீர்மானத்தில் பெற்றோருக்கு எந்த வேலையும் இல்லை.