சுமையை எங்கே இறக்குவது?

சேலம், நாமக்கல் சமவெளியில் நெடுஞ்சாலையை விட்டு விலகிப் பழைய ஊர்ப்பாதைகளில் நடப்போர், சில இடங்களில் இன்றும் ஒரு கற்சின்னத்தைக் காணலாம். நட்ட இரு கற்களின்மேல் கிடத்திய ஒரு கல். ஆளின் தோளளவு உயரம். சுமைதாங்கி என்பது அதன் பெயர். தலைச்சுமையோடு சந்தைக்கு நடந்தவர், பிறர் கைகொடுக்க வேண்டாமலே சுமையை அதன்மேல் சரித்து வைத்து இளைப்பாறுவர்; பின்பு தாமே ஏற்றிக்கொண்டு வழி தொடர்வர். கருவுற்ற நிலையில் உயிர்நீத்த பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் இதனை நாட்டுவது வழக்கம். ஒருத்தியால் இறக்கிவைக்க இயலாமற்போன சுமை, முன்பின் அறியாதார் சுமை இறக்கும் இடமாயிற்று. தம் துயரைப் பிறர்க்கு உதவியாக மாற்றிய அவ்வறிவை நாம் வியக்கின்றோம்.

இன்று பொருட்சுமையை நாமக்கல் லாரிகள் தாங்குகின்றன. மனச்சுமைக்கோ புதிய சுமைதாங்கிகள் தோன்றியுள்ளன. அமெரிக்கக் கலைஞர் கேண்டி சாங், அன்புக்குரிய ஒருவரை இழந்த துயரில், 2011ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்சு நகரில் பாழடைந்த வீடொன்றின் சுவரைக் கரும்பலகையாக்கினார். இறப்பதற்கு முன் செய்ய விரும்புவது யாது என்று வழிப்போக்கர் சுண்ணக்கட்டியால் அதில் எழுதினர். அவ்வகைச் சுவர்கள் எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் எழுந்தன. 2012ஆம் ஆண்டு லாஸ் வேகாஸ் நகரில் அவர் அமைத்த மற்றொரு காட்சியில், மக்கள் திரைமறைவில் அமர்ந்து தம் குற்றங்களை மரப்பலகைகளில் பெயரின்றி எழுதினர். அவை சுவரில் தொங்கவிடப்பட்டன. பார்ப்பவரே பங்குபெறும் கலை இது. தம்மைப் போலவே பிறரும் தவறினர், வருந்தினர் என்று அறிவதே ஓர் ஆறுதல்தான்.

ஆயின், ஒரு வினா எழுகின்றது. பெயரின்றி எழுதிய குற்றம் தீர்ந்த குற்றமாகுமோ?

குற்றத்தை மறைக்காமல் ஆசிரியர் முன் உரைப்பதை நம் நூல்கள் ஆலோசனை என்கின்றன. செய்ததை எண்ணி வருந்தி மீள்வதைப் பிரதிக்கிரமணம் என்கின்றன. தசலக்ஷண விழா முதல்நாள் உத்தம க்ஷமையில் தொடங்குகின்றது. விழாவின் முடிவில் ஒருவரையொருவர் பொறுத்தருள வேண்டுகின்றோம். இவற்றில் எதுவும் முகமறியாச் செயலன்று. பலகையில் எழுதியவர் மனம் இலேசாகலாம். அவரால் புண்பட்டவர் அதனை அறியார். ஒருவர் புண் ஆறிற்று. மற்றவர் புண் அப்படியே இருக்கின்றது.

நம் இல்லங்களையே நோக்குவோம். பாகப்பிரிவினையில், ஒரு கிணற்றின் முறைநீருக்காகப் பேச்சற்றுப்போன உடன்பிறந்தார் நம்மிடையே இல்லையா? எல்லா உயிர்களிடமும் பொறுத்தருள வேண்டுகின்றோம் என்று ஆலயத்தில் கூறிவிட்டு, அண்ணன் வீட்டு வாயிலைக் கடக்கையில் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றோம். எண்பத்துநான்கு இலட்சம் யோனிகளிலுள்ள உயிர்களிடம் மன்னிப்புக் கேட்பது எளிதாகின்றது. அவற்றுள் ஒன்றாகிய அண்ணனிடம் கேட்பதே அரிதாகின்றது. அவ்வாறாயின், நம் வேண்டுதலும் பெயரற்ற பலகையே அன்றோ?

புண்பட்டவர் இறந்துபோயின் என் செய்வது என்று சிலர் வினவலாம். கேட்கவியலாத உயிர்களிடமும் நாம் பொறுதி வேண்டுவது இதற்காகவே. மறுமொழி வந்தாலும் வாராவிடினும், செருக்கை விட்டவர்க்கு அவ்வேண்டுதல் பயன் தரும். நம் வினையை உதிர்ப்பது நம் முயற்சியேயன்றிப் பிறர் மறுமொழியன்று. ஆயின், இறந்தார்க்கு உரிய வழியை, அடுத்த தெருவில் வாழ்வார்க்கும் போதும் எனக் கொள்ளலாகாது.

ஆகவே அக்கலைச் சுவர்களை நாம் இகழவில்லை. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுவன என்னும் தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்துக்கு அவையும் ஓர் எடுத்துக்காட்டே. ஆனால் சுமைதாங்கி வழியில் நிற்பது, ஊராகாது. அங்கேயே சுமையை விட்டுச் சென்றவர் சந்தை சேர்ந்தவர் ஆகார். இளைப்பாறியபின் அதனை மீண்டும் எடுத்து, உரியவர் வாயிலில் இறக்குதல் வேண்டும்.

அன்பர்களே, வரும் க்ஷமாவாணி நாளில் ஆலயத்திலிருந்து நேரே இல்லம் திரும்பாமல், நாம் நெடுநாள் ஏறாத ஒரு படியில் ஏறுவோம். கதவு திறவாமற்போயினும், ஏறிய கால்கள் நம்முடையவை.

அறம் வளர்க!