பொறியும் பசியும்

வீனஸ் ஃபிளைட்ராப் இயற்கையாக வளர்வது அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களின் கடலோர ஈரநிலங்களில் மட்டும்தான். அந்த மண்ணில் நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகக் குறைவு. தனக்கு வேண்டிய மாவுச்சத்தை வெயிலில் தயாரித்துக்கொள்ளும் இச்செடி, மண் தராததைப் பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. வறுமை கற்றுத்தந்த வழி அது. ஆனால் அதற்குக் கிடைத்த பெயர்களைப் பாருங்கள்.

1760இல் வட கரோலினாவின் ஆளுநர் ஆர்தர் டாப்ஸ், லண்டன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இச்செடியை விவரித்தார். சில ஆண்டுகள் கழித்து ஜான் எல்லிஸ் அதற்கு டயோனியா மஸ்கிபுலா என்று பெயரிட்டார். முதற்சொல் டயோனின் மகளான காதல் தெய்வத்தைச் சுட்டுகிறது; இரண்டாவதற்கு எலிப்பொறி என்று பொருள். அக்கால இயற்கையியலாளர்களின் கடிதங்களில் டிப்பிட்டிவிட்செட் என்றொரு பெயரும் உலவியது. அது பெண்ணுறுப்பைக் குறித்த கொச்சைக் கேலி என்று பின்னாள் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சிவந்த உள்பக்கம், இரண்டு மடல்கள், தொட்டால் மூடும் இயல்பு: கேலிக்கு இவ்வளவு போதுமாக இருந்தது. அதே டாப்ஸ் 1762இல், தமது 73ஆம் வயதில், 15 வயதுச் சிறுமியை மணந்தார். பொறி என்ற பெயர் மட்டும் செடிக்குப் போயிற்று.

தமிழில் பொறி என்றால் கண்ணி, புலனும் பொறிதான். ஐம்பொறி என்கிறோம். இச்செடியைப் புரிந்துகொள்ள அந்த இரண்டாம் பொருளே உதவும். ஒவ்வொரு மடலின் உள்ளேயும் பொதுவாக மூன்று உணர்முடிகள் இருக்கும். ஒருமுறை பட்டால் மடல் மூடாது. ஏறத்தாழ 20 வினாடிக்குள் இன்னொரு தொடுகை வேண்டும். மூடிய பிறகும் உள்ளே அசைவு தொடர்ந்தால்தான் செரிமான நீர் சுரக்கும். மழைத்துளியையும் உயிரையும் பிரித்தறியும் இந்த நிதானம் எந்தப் பெயரிலும் இடம்பெறவில்லை.

வீட்டில் இதை வளர்ப்பவர் முன் ஒரு கேள்வி நிற்கிறது: ஊட்டுவதுதான் அன்பா? இன்னும் ஒரு கரண்டி வைப்பதே பாசம் என்று நம் சமையலறைகள் சொல்லித்தந்திருக்கின்றன. இச்செடியிடம் அது செல்லாது. எருவிட்டால் வேர் கெடும். குழாய்த் தண்ணீரின் உப்பு நாளடைவில் கொல்லும். மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ வேண்டும். இறைச்சித் துண்டு வைத்தால் பொறி அழுகும். வெயில்படும் வெளியில் வைத்தால் தன் இரையைத் தானே பிடித்துக்கொள்ளும். உள்ளே வளர்த்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு பொறியில் ஒரு சிறு பூச்சி போதும். இறந்த பூச்சியென்றால் மூடிய மடலை மெல்ல நீவிவிட வேண்டும். இல்லையேல் அதை இரையென்று செடி ஏற்காது.

வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் விரலை விட்டுப் பார்க்க ஆசை. ஒரு பொறி சில தடவைதான் மூடித் திறக்கும், பிறகு கருகிவிடும். நம் வேடிக்கைக்கு அதன் ஆயுள் செலவாகிறது. ‘தொட்டுத்தானே பார்த்தேன்’ என்ற சமாதானம் பேருந்தில் போகும் எந்தப் பெண்ணுக்கும் புதிதல்ல.

இதைவிடக் கடினமானது பூ. பூப்பது செடியின் வலுவைக் குறைக்கும் என்பதால், தண்டு எழும்போதே வெட்டச் சொல்வார்கள். செடிக்காக வெட்டுகிறோமா, பெரிய பொறிகளைப் பார்க்க நமக்கிருக்கும் ஆசைக்காகவா? ‘உன் நல்லதுக்குத்தான்’ என்று சொல்லி நம்மிடமிருந்து வெட்டப்பட்டவற்றை நினைத்தால், கத்தரி எடுத்த கை சற்று நிற்கும். நலிந்த செடியென்றால் வெட்டலாம். வலுவாக இருந்தால் பூக்கட்டும் என்பதே என் நிலை.

வாங்குவதிலும் அறம் உண்டு. காட்டிலிருந்து திருடுவதை வட கரோலினா 2014இல் கடுங்குற்றமாக்கியது. நாற்றுப் பண்ணையில் பெருக்கிய செடிதானா என்று கேட்டு வாங்க வேண்டும்.

குளிர்காலத்தில் மூன்று மாதமாவது அது உறங்க வேண்டும். சென்னையின் மார்கழிக் குளிர் அதற்குப் போதாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து உறங்கவைப்பவர்கள் உண்டு. அந்த ஓய்வைத் தர முடியாத வீடு, செடியை வாங்காமலிருப்பதே நல்லது. உறங்கும்போது இலைகள் கருத்துச் சுருங்கும். செத்துவிட்டதென்று எறிந்துவிடாமல், எதையும் ஊட்டாமல், பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கக் கைக்குப் பழக்கம் வேண்டும். நம் அம்மாக்களுக்கு யாரும் அதைக் கற்றுத்தரவில்லை. அப்படியொரு உறக்கத்தையும் அவர்களுக்கு யாரும் தரவில்லை.