மழை நின்ற பின்

சிறு பூசல்கள் நிகழும் இல்லத்தைப் பற்றி நாம் அத்தனை கவலைப்பட வேண்டியதில்லை. அங்கே ஒருவர் மற்றவரிடம் இன்னும் எதையோ எதிர்பார்க்கிறார். பூசலே இன்றி, கேட்ட கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கும் இல்லமே கவலைக்குரியது. உணவு உரிய நேரத்தில் வருகிறது. கடமைகள் குறைவின்றி நடக்கின்றன. ஆனால், அன்றாடம் நடந்ததை ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்ளும் வழக்கம் என்று நின்றது என்பது இருவருக்குமே தெரியாது.

கணவன் மனைவியரிடையே மட்டுமன்று, நண்பர்களிடையேயும் இது நிகழும். வால்மீகி முனிவர் கிஷ்கிந்தா காண்டத்தில் இதனை மிக நுட்பமாகக் காட்டுகிறார்.

இராமனும் சுக்ரீவனும் அக்கினி சாட்சியாக நட்புப் பூண்டவர்கள். அந்தத் தீயை மூட்டியவன் அனுமன். வாலி மாண்டபின் சுக்ரீவன் முடிசூடினான். அப்போது மழைக்காலம் தொடங்கிவிட்டதால், நகருக்குள் சென்று தங்கியிருக்குமாறு அவனுக்கு விடை கொடுத்தவன் இராமனே. தான் மட்டும் தம்பியுடன் பிரஸ்ரவண மலையின் குகையில் தங்கினான்.

இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். பிரிவு நியாயமான காரணத்துடன்தான் தொடங்கியது. மழை பொய்யன்று. நம் இல்லங்களில் பணிச்சுமை, குழந்தையின் தேர்வு, முதியோரின் நோய் ஆகியவையும் பொய்யல்ல. மழை நின்று வானம் தெளிந்த பிறகும் வரவேண்டியவர் வராதபோதுதான் உண்மை வெளிப்படுகிறது. சுக்ரீவனுக்கு இராமன்மேல் வெறுப்பு ஏதுமில்லை. எவரேனும் கேட்டிருந்தால் நன்றி ததும்பவே பேசியிருப்பான். வெறுப்பு இல்லாததனாலேயே தான் விலகிவிட்டதை அவன் அறியவில்லை.

அதனைக் கண்டுகொண்டவன், அன்று தீ மூட்டிய அனுமனே. காலம் கடந்துவிட்டதை இராமன் அறிவான், உள்ளம் துடித்தாலும் அவனாக வந்து நினைவூட்ட மாட்டான் என்று அரசனிடம் பணிவுடன் எடுத்துரைத்தான். காத்திருப்பவரின் மௌனத்தை நிறைவு என்று நாம் எத்தனை முறை தவறாகக் கொண்டிருக்கிறோம்!

சுக்ரீவன் உடனே நீலனை அழைத்து, பதினைந்து நாட்களுக்குள் சேனைகளைத் திரட்ட ஆணையிட்டான். பிறகு அந்தப்புரத்துக்கே திரும்பிவிட்டான். இந்த இடம்தான் என் மனத்தை மிகவும் உறுத்துகிறது. கடமை தொடங்கிவிட்டது, ஆனால் அவன் வரவில்லை. ஆணை பிறந்த செய்தியும் மலைக்கு எட்டவில்லை. குகையில் இருந்தவன் நிலவொளியைக் கண்டு, தான் கைவிடப்பட்டதாகவே எண்ணி வருந்தினான்.

இராமனும் சினந்தான். ஆயினும் இலக்குவன் வில்லேந்திப் புறப்பட்டபோது, கடுஞ்சொல் தவிர்த்து இனிமையாகப் பேசும்படி சொல்லியே அனுப்பினான். அரண்மனைக்குள் நாண் ஒலி கேட்டுச் சுக்ரீவன் நடுங்கினான். தாரை எதிர்வந்து இலக்குவனின் சினத்தைத் தணித்தாள்.

இறுதியில் சுக்ரீவன் பல்லக்கில் மலைக்குச் சென்றான். இறங்கி இராமனின் திருவடிகளில் விழுந்தான். இராமன் அவனைத் தூக்கி நிறுத்தித் தழுவிக்கொண்டு, அருகே அமரச் செய்தான்.