கைத்திறனும் கலையறிவும்

பீங்கான் நகரம் எனப் பெயர் பெற்றது நமது விருத்தாசலம். அண்மையிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் வெண்களிமண் இவ்வட்டாரத்தின் செல்வம். அகல்விளக்கும் பொம்மையும் ப்யூஸ் கேரியரும் இவ்வூர்ச் சூளைகளிலிருந்து வெளியூர் செல்கின்றன. இத்தொழிலைக் கற்பிக்கும் அரசினர் பயிலகமும் இங்குண்டு. இத்தொழிலறிந்தோர் யாவரும் உணர்ந்த உண்மை ஒன்று: மேலே பூசும் மெருகு எத்துணைச் சிறந்ததாயினும், அது சூட்டில் விரிவதும் ஆறும்போது சுருங்குவதும் உள்ளிருக்கும் மண்ணின் இயல்புக்கு ஒத்து வராவிடின், பண்டத்தின் மேனியெங்கும் மயிரிழை போன்ற விரிசல்கள் ஓடிவிடும். சூளையிலிருந்து எடுக்கும்போது பளபளத்த கிண்ணம், சின்னாளில் கீறல் வலையாகிக் கிடக்கும். குறை மெருகில் மட்டும் இல்லை. மெருகையும் மண்ணையும் ஒருங்கே எண்ணிப் பாராமையில் உள்ளது.

இவ்வுண்மை கல்விக்கும் பொருந்தும். நம் சமுதாயப் பிள்ளைகள் பலர் இன்று இதழியல், காட்சித் தொடர்பியல், திரைக்கலை, வரைகலை ஆகிய துறைகளை நாடுகின்றனர். இது மகிழத்தக்கதே. ஆயினும் அவர்களும் அவர்தம் பெற்றோரும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: ஒளிப்படக் கருவியை இயக்கவும் படத்தொகுப்புச் செய்யவும் கற்க வந்தவனுக்கு வரலாறு எதற்கு? இலக்கியம் எதற்கு? தத்துவம் எதற்கு? தமிழகத்துக் கல்லூரிகளில் பகுதி ஒன்றில் தமிழோ, அரபு, உருது போன்ற பிறிதொரு மொழியோ, பகுதி இரண்டில் ஆங்கிலமோ பயில வேண்டியிருப்பதையும் ‘எப்படியாவது தேறிவிட்டால் போதும்’ என்றே மாணவர் கருதுகின்றனர்.

வருவாய் நோக்கில் இக்கேள்விக்கு விடை கூறுவோர் பலர். நாம் அறநோக்கில் ஆராய விழைகின்றோம். ஒருவன் சொல்லும் சொல்லும் காட்டும் காட்சியும் பல்லாயிரவரைச் சென்றடையும் எனில், அவனது அறியாமை வெறும் குறையா, அன்றிக் குற்றமா?

நம் முன்னோர் இதற்கு விடை தந்துள்ளனர். உமையாக் கிலாபத்தின் கடைசி ஆட்சியாளரான இரண்டாம் மர்வானிடம் எழுத்தராயிருந்தவர் அப்துல் ஹமீது அல்காத்திப். ஹிஜ்ரி 132இல், கி.பி. 750இல், அவ்வாட்சியோடு அவர் வாழ்வும் முடிந்தது. ஆட்சியின் குரலாய் விளங்கிய எழுத்தர்களே அக்காலத்து ஊடகத்தார். தம் சக எழுத்தர்களுக்கு அவர் வரைந்த மடலில் அழகிய கையெழுத்தை மட்டும் அவர் வற்புறுத்தவில்லை. திருமறை ஞானம், அரபு மொழி, கவிதை, அரபியர் பாரசீகர் வரலாறு, கணக்கு ஆகிய அனைத்தையும் பயிலுமாறு வேண்டுகின்றார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த இப்னு குதைபா (மறைவு கி.பி. 889), எழுத்தர்களுக்கென்றே ‘அதபுல் காத்திப்’ என்னும் நூலை யாத்தார். பதவியும் பகட்டும் பெற்றுப் பயிற்சியில்லாத தம் காலத்து எழுத்தர்களை அதன் முன்னுரையில் அவர் கடிந்துரைக்கின்றார்.

இவர்களினும் ஆழச் சென்றவர் இப்னு கல்தூன். 1377இல் எழுதிய ‘முகத்திமா’வின் தொடக்கத்திலேயே, செய்திகளில் பொய் எவ்வாறு புகுகின்றது என்று அவர் ஆராய்கின்றார். கட்சிப் பற்று, சொன்னவர் மீது கொள்ளும் கண்மூடி நம்பிக்கை, அதிகாரத்தில் உள்ளோரை மகிழ்விக்கும் ஆசை என்று காரணங்களை அடுக்கிவிட்டு, இவை எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் ஒன்றைச் சுட்டுகின்றார்: மனித சமுதாயத்தின் இயல்புகளை அறியாமை. நபி மூஸா (அலை) அவர்களின் படையினர் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என்று மசூதி முதலிய வரலாற்றாசிரியர்கள் எழுதிச் சென்றனர். அத்துணைப் பெரிய படையை ஒரு களத்தில் அணிவகுக்க இயலுமா? ஓரணியின் நிலை மறு அணிக்குத் தெரியுமா? யஅகூப் (அலை) அவர்களுக்குப் பின் நான்கே தலைமுறையில் ஒரு குலம் அவ்வளவு பெருகுமா? இவ்வாறு வினவி அவ்வெண்ணிக்கையை அவர் மறுக்கின்றார். எழுதியவர்கள் பொய்யர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் வழியே பிழை பரவிற்று. பொய் சொல்லும் எண்ணம் அறவே இல்லாத ஒருவனும் பொய்க்கு வாகனமாகலாம் என்பதே நாம் பெறும் படிப்பினை.

இது ஏட்டளவில் நின்றுவிடும் செய்தியன்று. 2020 மார்ச் இறுதியில், தில்லி நிஜாமுத்தீனில் கூடிய தப்லீக் ஜமாஅத்தினரைக் குறித்து எழுந்த செய்திகளை நம் குடும்பங்கள் மறந்திரா. ஒரு நோயின் பரவல் ஒரு சமுதாயத்தின் சதியாகவே சித்திரிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்துச் செய்தது. அச்சு, மின்னணு ஊடகங்கள் அவர்களுக்கெதிராகப் பெரும் பிரச்சாரம் நடத்தியதையும் எடுத்துரைத்துக் கண்டித்தது. அக்காட்சிகளைத் தொகுத்தவர்களுக்குக் கைத்திறனில் குறைவில்லை. கொள்ளைநோய்க் காலங்களில் வேற்றாரின் மீது பழி சுமத்தும் பழக்கம் உலக வரலாற்றில் எத்தனை முறை நிகழ்ந்தது, பதினான்காம் நூற்றாண்டு ஐரோப்பாவில் யூதர்கள் கிணறுகளில் நஞ்சிட்டதாகக் கூறிக் கொல்லப்பட்டது எவ்வாறு என்பதைக் கற்றிருந்தால், சிலருடைய கையேனும் ஒரு கணம் தயங்கியிருக்கும். அத்தயக்கமே கல்வியின் பயன். வந்த செய்தியைத் தீர விசாரிக்குமாறு ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயம் நமக்கும் ஆணையிடுகின்றது. நம் கைபேசிகள் வழியே பரவும் பொய்களுக்கு நாமும் பொறுப்பாளிகளே.

ஈண்டு இரு தடைகள் எழும். வறுமையில் உழலும் குடும்பத்துப் பிள்ளை விரைந்து பொருளீட்ட வேண்டாமா என்பது முதலாவது. நியாயமான கேள்வியே. ஆனால் அப்துல் ஹமீதின் எழுத்தர்களும் ஊதியத்திற்கு உழைத்தவர்களே. தொழிலைக் கைவிட்டு ஏடு புரட்டுமாறு எவரும் கூறவில்லை. தொழிலோடு அதற்கு அடித்தளமான அறிவையும் சேர்க்குமாறே வேண்டுகின்றனர். மேலும், கருவிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. இன்று கற்ற மென்பொருள் நாளை வழக்கொழியும். எதைக் காட்டுவது, எதைத் தவிர்ப்பது என்று தெரிந்து தெளியும் ஆற்றல் வழக்கொழிவதில்லை.

இரண்டாவது தடை வலியது. பெருங்கல்வி கற்றோரும் பொய்யுரைத்துள்ளனரே; வஞ்சகத்திற்குத் துணைபோன அறிஞர் எத்துணைப் பேர்! மெய்தான். கல்வி எவரையும் நல்லவராக்கி விடும் என்று நாம் உறுதி கூறவில்லை. நன்மையை நாடும் உள்ளம் இறையச்சத்தினின்றும் பிறப்பது. ஆனால் அவ்வுள்ளம் உடையவனும் அறிவின்றேல் நன்மையை நாடித் தீமையைச் செய்வான். கண்ணொளி மட்டும் ஒருவனை நேர்வழியில் செலுத்திவிடாது. ஆயினும் கண்ணில்லாதவனைப் பிறருக்கு வழிகாட்டியாக நிறுத்துவோமா? எது இன்றி ஒரு கடமை நிறைவேறாதோ அதுவும் கடமையே என்பது உஸூல் கலையின் விதி. உண்மையைச் சொல்வது ஊடகத்தான் மீது கடமையெனில், உண்மையைப் பிரித்தறியும் கல்வியும் அவன் மீது கடமையாகும்.

நம் மத்ரஸாக்களில் மார்க்கச் சட்டம் பயிலும் மாணவர், மன்திக் என்னும் தர்க்க நூலையும் ஹரீரியின் ‘மகாமாத்’தையும் ஓதுவது வழக்கம். ஹரீரியின் கதைத்தலைவன் அபூஸைதோ சொல்வன்மையால் மக்களை மயக்கிப் பொருள் பறிக்கும் எத்தன். ஆலிமாகப் போகின்றவனுக்கு எத்தனின் கதை எதற்கு? மொழியழகை அறிவதற்கு என்பர். அழகிய சொல் எவ்வாறு ஏமாற்றும் என்பதை அறிவதற்கும் என்று நாம் கூறுவோம். காட்சியின் வன்மை சொல்லின் வன்மையினும் பெரிதாகிவிட்ட இக்காலத்தில், இலக்கியப் பயிற்சி இல்லாத ஊடக மாணவன் இவ்விரண்டிற்கும் எளிதில் இரையாவான்.

தமிழ் முஸ்லிம் இதழியலின் முன்னோடிகளுள் ஒருவரும் ‘தாருல் இஸ்லாம்’ ஆசிரியருமான பா. தாவூத்ஷா, பட்டம் பெற்று அரசுப் பணியிலிருந்தவர். இஸ்லாமிய நூல்களோடு கம்பனையும் கற்று மேடையேறிப் பேசியவர். அவருடைய எல்லாக் கருத்துகளையும் ஏற்காதோரும் அவரது தமிழை மதித்தனர். அம்மதிப்பைப் பெற்றுத் தந்தது அச்சு இயந்திரமன்று, பரந்த கல்வியே.

நம் இல்லங்களில் ‘அதபு’ என்றால் மரியாதை, ஒழுக்கம். ‘அதபாய் நட’ என்று குழந்தைக்குச் சொல்கின்றோம். அரபு மொழியில் அதே சொல்லுக்கு இலக்கியம் என்றும் பொருள். ஒரு சொல்லில் இவ்விரண்டையும் நம் முன்னோர் இணைத்து வைத்தது தற்செயலன்று. பண்பாடில்லாத இலக்கியம் வெறும் ஓசை. பரந்த அறிவில்லாத பண்பு, எளிதில் ஏமாறும் வெள்ளைமனம்.

ஆகவே, இத்துறைகளில் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர், கல்லூரியில் எத்தனை கருவிகள் உள்ளன என்று கேட்பதோடு நில்லாது, நூலகம் எத்தகையது, வரலாறும் மொழியும் எவ்வாறு கற்பிக்கப்படுகின்றன என்றும் கேட்பாராக. மாணவச் செல்வங்கள் பகுதி ஒன்றைத் தேர்வுக்கான சுமையாகக் கொள்ளாது, தம் தொழிலின் மண்ணாகக் கொள்வாராக. சுடப்பட்ட பீங்கானை மீண்டும் களிமண்ணாக்க இயலாது. அதுபோல், பரப்பப்பட்ட சொல்லையும் மீட்டெடுக்க இயலாது. சூளைக்குச் செல்லுமுன்பே மண்ணைப் பண்படுத்த வேண்டும்.

பயன்தரும் கல்வியையும் அதனைப் பேணும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் மக்கட்கு அருள்வானாக! ஆமீன்.