பொழுதுக்குப் பணிதல்

உடம்பால் இறைவனுக்குச் செய்யும் தொண்டுகளில் மிக எளியது ஒன்றை நாம் கைவிட்டுவிட்டோம். அவன் வகுத்த பொழுதுக்குப் பணிந்து நடப்பதே அது. இதைச் சொல்லப் புராணம் வரை போகவேண்டாம். நம் முத்துக்குளித்துறையின் வரலாறே போதும். வாடை ஓய்ந்து தென்மேற்குக் காற்று கிளம்புவதற்கு முன், மார்ச், ஏப்ரலை ஒட்டிய சில வாரங்களில் மன்னார் வளைகுடா அடங்கித் தெளிந்திருக்கும். முத்துக்குளிப்பு அப்போதுதான். நள்ளிரவை ஒட்டிக் கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் தோணிகள் பாய் விரித்தன. விடியும்போது, கடலடியில் முத்துச்சிப்பி வாழும் பாரின் மேல் நின்றன. வெயில் ஏறி, தண்ணீருக்குள் வெளிச்சம் இறங்கிய பிறகே மூழ்கினார்கள். ஆழத்துக்கு இறங்க உதவும் கல் ஒன்றுக்கு இருவர். ஒருவர் கீழே இருக்கும்போது மற்றவர் மூச்சு வாங்கினார். நண்பகலோடு வேலை முடிந்தது. அதன்பின் எழும் கடல்காற்று தோணிகளைக் கரை சேர்த்தது. சிப்பி முதிரவில்லை என்று பாரைச் சோதித்தவர்கள் சொன்னால் அந்த ஆண்டு குளிப்பே கிடையாது. பல ஆண்டுகள் தொடர்ந்து காத்திருந்ததும் உண்டு. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்தது 1961இல். அந்தத் தொழிலை நான் பொற்காலமாகப் பாடவில்லை. சுறாவுக்கும் மூச்சுத்திணறலுக்கும் அஞ்சி உழைத்தவர் ஒருவர்; இலாபம் கண்டவர் போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வேறொருவர். ஆனாலும் அவ்வளவு பேராசைக்கு நடுவிலும் நேரத்தைக் காற்றும் கதிரவனுமே குறித்தன.

நள்ளிரவில் கிளம்பியவர்கள் எப்படிப் பொழுதுக்குப் பணிந்தவர்கள் ஆவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். உறக்கம் கெட்டது உண்மை. ஆனால் அது சில வாரங்களுக்கு மட்டும். உயிரைப் பணயம் வைக்கும் வேலையை அவர்கள் இருளில் செய்யவில்லை, முற்பகலில் வைத்தார்கள். இன்றைய உடலியல் அந்த வரிசை சரியென்றே சொல்லும். நம் உடம்பின் வெப்பம் விடியலுக்குச் சற்று முன் மிகக் குறைகிறது; கவனமும் அப்போதுதான் தளர்கிறது. காலை ஒளி கண்ணில் பட்டதும் மூளையிலுள்ள கடிகாரம் அன்றைய நாளுக்குத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. முற்பகலில் தெளிவு கூடுகிறது, மதிய உணவுக்குப் பின் சோர்வு வருகிறது. இருட்டியதும் உறக்கத்துக்கு ஆயத்தம் செய்யும் மெலடோனின் சுரக்கிறது. இந்தக் கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்ததற்காகவே ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. மதிய அயர்வைச் சோம்பல் என்று வைதுகொள்ளும் அன்பர்களே, அதுவும் படைத்தவன் வைத்ததுதான்.

நம் மதுரையிலேயே நடந்த ஓர் ஆய்வு என்னை இன்னும் ஆழமாகத் தொடுகிறது. காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்துவும் உடன் பணியாற்றியவர்களும் வௌவால்களை ஆராய்ந்து 1981இல் வெளியிட்டது அது. எப்போதும் இருண்டிருக்கும் குகையில் அடைத்த வௌவாலுக்குப் பகலும் தெரியாது, இரவும் தெரியாது. தனியே வைத்தபோது அதன் நேரம் நாளுக்கு நாள் விலகிப்போயிற்று. அதே குகையிலிருந்து தினமும் பறந்துபோய்த் திரும்பும் கூட்டத்தோடு இருந்தபோதோ, சரியான நேரத்துக்கு அதுவும் விழித்தது. மனிதர் வௌவால் அல்லர், நமக்கு முதல் வழிகாட்டி வெளிச்சமே. என்றாலும் உடன் வாழ்பவர்களின் ஒழுங்கு உயிரின் உள்ளே வரை போய்ச் சேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அப்படியோர் ஒழுங்கைத்தான் நம் ஊர்களின் வழிபாடுகளும் வைத்திருக்கின்றன: தூத்துக்குடிப் பனிமய மாதா கோயிலில் மூவேளை செபம், காயல்பட்டினத்துப் பள்ளிவாசல்களில் கதிரவனின் நிலை பார்த்து ஐவேளைத் தொழுகை, நம் சிவாலயத்தில் திருப்பள்ளியெழுச்சி முதல் பள்ளியறைப் பூசை வரை. உறங்கவே தேவையில்லாத இறைவனை நாம் இரவில் உறங்க வைக்கிறோம். அது அவனுக்காகவா? அந்த நேரத்தில் விளக்கைக் குறைத்து வீடு திரும்பவேண்டிய நமக்காக என்றே நான் கொள்கிறேன்.

‘சிவராத்திரியில் கண்விழிக்கச் சொல்வதும் சமயம்தானே’ என்பார்கள். ஆம், ஆண்டுக்கு ஓரிரவு. மற்ற இரவுகளில் உறங்குகிறவருக்கே அந்த விழிப்பு காணிக்கை ஆகும். கைப்பேசி வெளிச்சத்தில் தினமும் இரண்டு மணி வரை விழித்திருப்பவர் அன்று எதைக் கொடுக்கிறார்?

இதைவிடக் கனமான தடை ஒன்று உண்டு. துறைமுகம் இரவிலும் இயங்குகிறது, கப்பல் காத்திருக்காது. உப்பளத் தொழிலாளி வெயிலுக்கு முன் முடிக்க இருளிலேயே எழுகிறார். அவரிடம் போய்ப் பொழுதுக்குப் பணி என்பது கொடுமை. உடற்கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப்பணி புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலேயே வகைப்படுத்திற்று. குறைந்த கூலிக்காக அந்தச் சுமையை ஏற்றவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. இந்தக் கடமை மற்றவர்களுக்கு. வாராவாரம் ஷிப்டை மாற்றி அவர் உடம்பைப் பந்தாடாமல் இருப்பது முதலாளிக்கு. பகலில் ஜன்னலை மூடி அறையை இருட்டாக்கி, பிள்ளைகளை அடக்கி வைப்பது வீட்டாருக்கு. கோயில் நிர்வாகிகளே, உங்களுக்கும் பங்கு உண்டு. கொடைவிழாவில் ஒலிபெருக்கி வீதி முழுக்க அலறும்போது, இரவெல்லாம் கிரேன் ஓட்டிவிட்டு வந்தவர் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறார். குழாய்களைக் கோயில் உட்புறமாகத் திருப்பிக் கட்டச் சொல்லுங்கள்.